நுகத்தடியில் பிறந்த சொல்



ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதல் ஓரிரு வருடங்களுக்குள்ளேயே சந்திக்கும் வினைச்சொற்களுள் ‘ஜொயின்’ என்பதும் ஒன்று. ‘சேர்’ என்று பொருள் எழுதிக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். பிள்ளையும் அதனை மனனஞ் செய்துகொண்டு போய்விடும். ஆனால், அதே பிள்ளை வளர்ந்து உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுத உட்காரும்போது இச்சிறிய சொல் அதன் காலை வாரிவிடுகிறது. ‘சேர்’ என்பதும் ‘ஜொயின்’ என்பதும் ஒரே அளவுச் சட்டைகள் அல்ல என்பது அப்போதுதான் தெரியவருகிறது.

இவ்வாரம் இச்சொல்லை ஆறுதலாக எடுத்து நோக்குவோம். அது எவ்வாறு வழங்குகிறது, எங்கிருந்து வந்தது, அதன் உள்ளே என்ன பொருள் உறைந்து கிடக்கிறது என மூன்று வினாக்களுக்கு விடை காண்போம். மூன்றாவது வினாவே முக்கியமானது. எனினும் முதலிரண்டையும் கடவாமல் அதனிடம் போக முடியாது.

தமிழில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று

நம் தமிழ் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறது. ‘சேர்ந்தான்’ என்றால் தானே சேர்ந்தான். ‘சேர்த்தான்’ என்றால் மற்றொருவரை அல்லது மற்றொன்றைச் சேர்த்தான். முன்னையதைத் தன்வினை என்றும் பின்னையதைப் பிறவினை என்றும் இலக்கண நூலார் வகுப்பர். ‘இணைந்தது, இணைத்தது’, ‘கூடினர், கூட்டினர்’, ‘பொருந்தியது, பொருத்தியது’ என்பனவும் அவ்வாறே. ஓரெழுத்து மாறினால் செய்தவன் யார் என்பதே மாறிவிடும்.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. இரண்டுக்கும் ‘ஜொயின்’ என்ற ஒரே சொல்தான். தச்சர் இரண்டு பலகைகளைப் பொருத்தினாலும் ‘ஜொயின்’. இரண்டு வீதிகள் தாமாக ஓரிடத்திற் சந்தித்தாலும் ‘ஜொயின்’.

இங்கேதான் நம்மவர் வழுக்குகின்றனர். ‘தந்தை மகனைப் பாடசாலையில் சேர்த்தார்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், ‘த ஃபாதர் ஜொயின்ட் ஹிஸ் சன் இன் த ஸ்கூல்’ என்று எழுதிவிடுகின்றனர். இதனை வாசிக்கும் ஆங்கிலேயர் என்ன விளங்கிக்கொள்வார் தெரியுமா? மகன் ஏற்கெனவே பாடசாலையில் இருக்கிறான். தகப்பனாரும் அங்கே போய் அவனோடு சேர்ந்துகொண்டார் என்றே விளங்கிக்கொள்வார்! நரைத்த தலையோடு தகப்பனாரும் வாங்கில் உட்கார்ந்திருக்கும் காட்சி அவர் மனக்கண்ணில் தோன்றும். இவ்விடத்தில் ‘அட்மிற்’ அல்லது ‘என்றோல்’ என்ற சொல்லையே ஆளவேண்டும்.

இதிலிருந்து ஒரு விதியைப் பெறலாம். பொருட்களை ஒருவர் ‘ஜொயின்’ செய்யலாம். குழாயைக் குழாயோடும், கயிற்றைக் கயிற்றோடும் பொருத்தலாம். ஆனால் ஒரு மனிதரைப் பிறர் ஒரு சங்கத்திலோ, பாடசாலையிலோ, படையிலோ ‘ஜொயின்’ செய்ய முடியாது. அவர் தாமே சேரவேண்டும். மனிதரைப் பொறுத்தவரை இச்சொல் பெரும்பாலும் தன்வினையின் பொருளையே தருகிறது. இதற்குப் புகழ்பெற்ற ஒரு விலக்கு உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

வேற்றுமை உருபு என்னும் பொறி

அடுத்த வழு ‘இல்’ என்ற உருபினால் வருவது. நாம் ‘வங்கியில் சேர்ந்தேன்’, ‘நூல்நிலையத்தில் சேர்ந்தேன்’ என்கிறோம். அந்த ‘இல்’ உருபை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘ஜொயின்ட் இன் த பாங்க்’ என்றும், சில வேளை ‘ஜொயின்ட் டு த பாங்க்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் பிழை. ஒருவர் அமைப்பொன்றின் உறுப்பினராகவோ ஊழியராகவோ ஆகும்போது ‘ஜொயின்’ என்பதற்குப் பின் எவ்வித இடைச்சொல்லும் வேண்டியதில்லை. ‘ஐ ஜொயின்ட் த பாங்க்’ என்பதே முறை. அம்பன் கங்கை மகாவலியுடன் சேர்கிறது என்னுமிடத்தும் ‘ஜொயின்ஸ் த மகாவலி’ என்றாற் போதும். ‘உடன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் தேடவேண்டாம். வரிசையில் போய் நிற்பதும் ‘ஜொயின் த கியூ’தான்.

ஆயின் ‘இன்’, ‘டு’, ‘வித்’, ‘அப்’ என்பன இவ்வினையோடு வரவே மாட்டாவா? வரும். வந்தால் பொருள் வேறு.

‘ஜொயின் இன்’ என்றால், நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலில் தானும் பங்கெடுத்தல். பிள்ளைகள் விளையாடுகின்றனர், நீரும் விளையாடலாம். பலர் பாடுகின்றனர், நீரும் குரல் கொடுக்கலாம். சேர்வது சங்கத்தில் அன்று, செயலில் என்பதை நினைவில் வைத்துக்கொள்க.

‘ஜொயின் டு’ என்பது பொருட்களுக்கு உரியது. ஒரு குழாயின் முனையை மற்றதன் முனையோடு பொருத்துவது இவ்வகை.

‘ஜொயின் வித்’ என்பது ஒரு நோக்கத்துக்காகப் பிறரோடு ஒன்றுசேர்தல். இரண்டு கிராமச் சங்கங்கள் கூடி ஒரு குளத்தைத் திருத்தினால் இத்தொடரை ஆளலாம்.

‘ஜொயின் அப்’ என்பது பிரித்தானிய வழக்கில் படையிற் சேர்தலைக் குறிக்கும்.

இவற்றோடு இரண்டு மரபுத் தொடர்களையும் அறிந்து வைத்தல் நன்று. ‘ஜொயின் ஹான்ட்ஸ்’ என்றால் கைகோத்தல், அது நட்பு. ‘ஜொயின் பற்றில்’ என்றாலோ போர் தொடங்குதல், அது பகை. சேர்தலைச் சொல்லும் வினை சண்டைக்கும் எப்படி வந்தது என்று வியக்கவேண்டாம். தமிழிலும் கைகோத்தால் நட்பு, கை கலந்தால் கைகலப்பு அல்லவா? நெருங்கி வருவோர் எல்லாரும் நண்பராக வருவதில்லை என்பதை இரு மொழிகளும் அறிந்தே வைத்திருக்கின்றன.

உத்தியோகக் கடிதம் எழுதுவோருக்கும் ஒரு சொல். திணைக்களத்தின் ஊழியராக ஆவது ‘ஜொயின்’. குறித்த நாளில் கந்தோருக்குப் போய்க் கடமையைப் பொறுப்பேற்பதை ‘அசியூம் டியூற்றீஸ்’ என்பதே நம் நாட்டு அரசாங்கக் கடிதங்களில் வழங்கும் முறை.

உச்சரிப்பிலும் ஒரு சிறு கவனம் வேண்டும். ‘ஜொயின்ட்’ என்னும் இறந்தகால வினையின் ஈற்றொலி ‘வண்டு’ என்பதில் வரும் டகரம் போல மெல்லியது. மூட்டு, பொருத்து என்று பொருள்படும் ‘ஜொயின்ற்’ என்னும் பெயர்ச்சொல்லின் ஈற்றொலியோ ‘பட்டு’ என்பதில் வருவது போல வலியது. தமிழில் மெல்லெழுத்தை அடுத்து வரும் டகரம் தானாகவே மென்மையடைந்துவிடும். அதனால் நம் நாவுக்கு இரண்டும் ஒன்றாகவே வரும். பயின்றால் வேறுபாடு கைவரும்.

யகரம் ஜகரமான கதை

இனி இச்சொல்லின் பிறப்பு. 1066ஆம் ஆண்டில் பிரான்சின் நோர்மண்டிப் பிரதேசத்துக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசனானான். அதன்பின் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளாக அங்கே அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துள் புகுந்தன. ‘ஜொயின்’ அவற்றுள் ஒன்று. 1300ஆம் ஆண்டை அண்டிய காலத்து ஆங்கில எழுத்துகளிலேயே அது காணப்படுகிறது.

பிரெஞ்சு மொழிக்கு அதைக் கொடுத்த தாய் இலத்தீன். இலத்தீனில் ‘யுங்கெரே’ என்றால் சேர்த்தல், பிணைத்தல். அங்கே யகரமாக இருந்த முதலொலி பிரெஞ்சு வழியே வரும்போது ஜகரமாயிற்று. இம்மாற்றம் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. திருமறையில் நாம் யோவான் என்று வாசிக்கும் பெயரே ஆங்கிலத்தில் ஜோன். யாக்கோபு அங்கே ஜேக்கப். யோசேப்பு ஜோசப். யூதாஸ் ஜூடாஸ். தமிழ் பழைய யகரத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் பிரெஞ்சு வழி வந்த ஜகரத்தை எடுத்துக்கொண்டது. ‘யுங்கெரே’ என்பது ‘ஜொயின்’ ஆனதும் இதே கதைதான்.

வந்த பின்னும் அதன் ஒலி நிலையாக நிற்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப் என்ற ஆங்கிலப் புலவர் இச்சொல்லை ‘லைன்’ என்ற சொல்லோடு எதுகைப்படுத்திப் பாடினார். அக்காலத்தில் அதை ‘ஜைன்’ என்பதுபோல உச்சரித்தனர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வேரில் இருப்பது நுகம்

‘யுங்கெரே’ என்னும் வினைக்கு உடன்பிறந்த ஒரு பெயர்ச்சொல் இலத்தீனில் உண்டு. அதுதான் ‘யுகும்’. அதன் பொருள் நுகம். இரண்டு எருதுகளின் கழுத்தில் குறுக்கே வைத்துப் பூட்டும் அதே நுகத்தடி. ஆக, உரோமைக் கமக்காரனுக்குச் ‘சேர்த்தல்’ என்றால் முதலில் மனத்தில் எழுந்தது பசையோ ஆணியோ அன்று; ஒரே தடியின் கீழ் அருகருகே நிற்கும் இரண்டு மாடுகளே.

நிலத்தையும் அவன் நுகத்தைக் கொண்டே அளந்தான். ஒரு சோடி எருது ஒரு நாளில் உழக்கூடிய நிலம் ‘யூகெரும்’ எனப்பட்டது என்று பிளினி என்னும் உரோமை ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். அது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 2,500 சதுர மீற்றர். நம் யாழ்ப்பாணத்து அளவிற் சொன்னால் ஏறக்குறைய 10 பரப்பு.

இதே வேர் வேறு மொழிகளிலும் கிளைத்திருக்கிறது. கிரேக்கத்தில் நுகம் ‘ஸுகோன்’. பழைய ஆங்கிலத்தில் ‘யொக்’. இன்று அது ‘யோக்’. சமஸ்கிருதத்தில் ‘யுக’. பூட்டுதல் என்னும் பொருள்கொண்ட ‘யுஜ்’ என்ற வடமொழி வேரிலிருந்து பிறந்து, தமிழ் கடன் வாங்கிய சொற்கள் நம் வாயில் நாள்தோறும் புழங்குகின்றன. யோகம், யோகி, பிரயோகம், யுக்தி, உத்தியோகம் எல்லாம் அவ்வேரின் பிள்ளைகளே. ‘யோக்கியன்’ என்பதும் அதிலிருந்து வந்ததே. நுகத்துக்குத் தகுதியானது என்பது அதன் பழம்பொருள். உத்தியோகத்தில் ‘ஜொயின்’ பண்ணிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தம்மையறியாமலே ஒரே வேரின் இரண்டு பிள்ளைகளை ஒரு வசனத்துள் கூட்டிவைக்கிறார்!

இம்மொழிகளுக்கிடையே உள்ள ஒற்றுமை தற்செயலானது அன்று. 1786ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் உரையாற்றிய நீதிபதி சேர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகியன ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்கவேண்டும் என எடுத்துரைத்தார். பின்வந்த அறிஞர் அதனை நிறுவினர். அப்பொது மூலத்துக்கு உரியதாக அவர்கள் கண்டறிந்த சொற்களுள் நுகத்துக்கான சொல்லும் ஒன்று. தமிழ் அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் நம் ‘பூட்டு’ என்னும் வினையைப் பாருங்கள். மாட்டை ஏரிற் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம், நாணையும் வில்லிற் பூட்டுகிறோம். இணைத்தல் என்ற எண்ணம் வயலிலிருந்து வீட்டுக்கு வந்த பாதை இங்கும் தெரிகிறது.

ஒரு தாயின் பல பிள்ளைகள்

வேரை அறிந்தால் கடினமான ஆங்கிலச் சொற்கள் பல இலகுவாகிவிடும். ‘ஜங்ஷன்’ என்பது சேருமிடம், அதாவது சந்தி. வடக்கே போகும் புகையிரதத்தில் ஏறியவர்க்குப் பொல்காவலை, மாகோ, மதவாச்சி ஆகிய சந்திகள் பழக்கமானவை. இலக்கணத்தில் ‘கொன்ஜங்ஷன்’ என்பது இரு சொற்களையோ வாக்கியங்களையோ இணைக்கும் இடைச்சொல். நீதிமன்றத்தில் ‘இன்ஜங்ஷன்’ என்பது தடையுத்தரவு. ஒருவர்மீது கட்டளையைப் பூட்டுதல் என்பது அதன் அடிப்பொருள். ஸ்பானிய மொழியில் ‘கூடியோர்’ என்று பொருள்பட்ட ‘ஹுன்டா’ என்ற சொல், 1808இல் நெப்போலியனை எதிர்த்து எழுந்த மக்கள் சபைகளுக்குப் பெயராக இருந்தது. இன்று அது ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் குழுவைக் குறிக்கிறது.

‘ஜொயினர்’ என்பவர் ஒரு வகைத் தச்சர். கதவு, யன்னல், தளபாடங்களைப் பொருத்துபவர். ஷேக்ஸ்பியரின் ‘மிட்சமர் நைற்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் சிங்க வேடம் போடும் ஸ்னக் இத்தொழிலாளரே. அவர்தம் கைவினையின் உயிர் ‘ஜொயின்ற்’, அதாவது பொருத்து. ஒரு மரத்தில் துளை. மற்ற மரத்தில் அத்துளைக்கு அளவான நாக்கு. இரண்டும் இறுகப் பொருந்தும். ஆனால் வேம்பு வேம்பாகவே இருக்கும், பாலை பாலையாகவே இருக்கும். நம் முழங்காலிலும் முழங்கையிலும் உள்ள மூட்டுக்கும் ‘ஜொயின்ற்’ என்றே பெயர். இரண்டு எலும்புகள் சேர்ந்தும் ஒன்றாகிவிடாமல் இருப்பதாலேயே நம்மால் நடக்கவும் முழந்தாளிடவும் முடிகிறது. மூட்டிலே எலும்புகள் ஒட்டி ஒன்றாகிவிட்டால் அதற்குப் பெயர் நோய்.

அருகே நிற்பதும் அடியில் நிற்பதும்

இப்போது நாம் மூன்றாவது வினாவுக்கு வந்துவிட்டோம்.

நுகம் என்ற அந்த ஒரே சொல்லிலிருந்து இலத்தீன் இரண்டு எதிரான சொற்களைப் படைத்தது. ‘உடன்’ எனப் பொருள்படும் ‘கொன்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தபோது, ஒரே நுகத்தில் உடன் நிற்போர், அதாவது வாழ்க்கைத் துணைவர் என்ற சொல் பிறந்தது. ஆங்கிலத்தில் தாம்பத்தியத்தைக் குறிக்கும் ‘கொன்ஜுகல்’ அதன் வழியே வந்தது. ‘அடியில்’ எனப் பொருள்படும் ‘சுப்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தபோது, நுகத்தின் கீழ்ப்படுத்துதல் என்ற சொல் பிறந்தது. அடிமைப்படுத்துதலைக் குறிக்கும் ‘சப்ஜுகேற்’ அதன் வழியே வந்தது.

பின்னைய சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கமும் உண்டு. கி.மு. 321இல் கௌடியக் கணவாயில் உரோமைப் படை சம்னைற்று மக்களிடம் அகப்பட்டுக்கொண்டது. வென்றவர்கள் இரண்டு ஈட்டிகளை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே கட்டி ஒரு நுகம் செய்தனர். தோற்ற வீரர் அத்தனைபேரும் ஆயுதங்களைக் களைந்து, குனிந்து அதன் கீழாக நடந்து போகவேண்டியதாயிற்று. பிறரையும் அவ்வாறு நடத்திய உரோமையர், அந்த அவமானத்தை நெடுங்காலம் மறக்கவில்லை.

பாருங்கள், தடி ஒன்றே. அருகருகே நின்று சுமந்தால் அது தாம்பத்தியம். ஒருவரை அடியில் வைத்து மற்றவர் மேலே நின்றால் அது அடிமைத்தனம். வேறுபாடு நுகத்தில் இல்லை. நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இந்நுட்பத்தை விளங்க, ‘ஜொயின்’ என்பதை அதன் அயற்சொற்களோடு ஒப்பிடல் வேண்டும். ‘கொனெக்ற்’ என்பது முடிச்சுப் போடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘கொம்பைன்’ என்பதில் ‘இரண்டிரண்டாக’ என்ற சொல் உண்டு. ‘யூனைற்’ என்பதன் வேர் ‘ஒன்று’, பலவற்றை ஒன்றாக்குதல். ‘மேர்ஜ்’ என்பதன் வேரோ ‘அமிழ்த்துதல்’. ஒன்று மற்றதில் அமிழ்ந்து மறைவதே அதன் பொருள். ‘ஜொயின்’ செய்யப்பட்டவை இரண்டாகவே நிற்கும். ‘மேர்ஜ்’ ஆனவற்றுள் ஒன்றைப் பின்னர் தேடினாலும் காணமுடியாது.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கவேண்டாம். பழைய ஆங்கிலப் பொதுச்சட்டம் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஓர் ஆள் என்று கொண்டது. கேட்பதற்கு அழகான கொள்கை! ஆனால் அந்த ஓர் ஆள் யார்? கணவனே. மனைவியின் உடைமையும் ஒப்பந்தம் செய்யும் உரிமையும் அவனுள் அமிழ்ந்துபோயின. 1882ஆம் ஆண்டின் மணமான பெண்களின் உடைமைச் சட்டம் வந்த பின்னரே இங்கிலாந்தில் மனைவி தன் சொத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கவும் விற்கவும் வழி பிறந்தது. நம் பக்கத்திலும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவிக்குத் தனிச் சொத்து உண்டென ஏற்றுக்கொண்டது. ஆயினும், தனக்குச் சொந்தமான காணியைக்கூட விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் கைச்சாத்து வேண்டும் என்று அதே விதி சொல்லவில்லை. இது ‘கொன்’ என்னும் நிலையா, ‘சுப்’ என்னும் நிலையா? விடையை வாசகர்களே கூறுங்கள்.

யார் சேர்க்கிறார்?

மனிதரைப் பிறர் ‘ஜொயின்’ செய்ய முடியாது என்றோம். ஒரு விலக்கு உண்டு என்றும் சொன்னோம். அவ்விலக்குத் திருமணமே. மணமக்கள் திருமணத்தில் இணைக்கப்பட்டனர் என்று சொல்ல ஆங்கிலத்தில் இவ்வினையைப் பிறவினையாக ஆள்வர்.

மணவிலக்குப் பற்றிப் பரிசேயர் கேட்டபோது ஆண்டவர் அளித்த விடை மத்தேயு 19ஆம் அதிகாரத்திலும் மாற்கு 10ஆம் அதிகாரத்திலும் உள்ளது. இறைவன் இணைத்ததைப் பற்றி அங்கே வரும் கிரேக்க வினை, நுகத்தின் வேரிலிருந்தே பிறந்தது. ‘உடன் சேர்த்து ஒரே நுகத்திற் பூட்டுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித எரோணிமுசு அதனை இலத்தீனில் ‘கொன்யுங்கெரே’ என்ற வினையால் எடுத்தாண்டார். 1582இல் வெளிவந்த ரீம்ஸ் ஆங்கிலப் புதிய ஏற்பாடும், 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் ‘ஜொயின்’ என்ற வினையையே கொண்டன. நுகம் மொழிக்கு மொழி கைமாறி வந்திருக்கிறது.

1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமணம் பற்றிய தன் ஆணையில், மணமக்களின் சம்மதத்தைக் கேட்டறிந்த பின் பங்குக்குரு சொல்லத்தக்க வாய்பாடாகவும் இவ்வினையையே தந்தது. அந்தந்த நாட்டு வழக்கத்தின்படி வேறு சொற்களையும் அனுமதித்தது. அவ்வாய்பாட்டைக் கேட்ட மக்கள், குருவானவரே இணைக்கிறார் என்று எண்ணிக்கொண்டனர். ஆனால் இலத்தீன் மரபின் போதனை அதுவன்று. மணமக்கள் தம் சம்மதத்தால் ஒருவருக்கொருவர் அத்திருவருட்சாதனத்தை வழங்குகின்றனர். குரு திருச்சபையின் பெயரால் சாட்சியாக நிற்கிறார். 1969இல் திருத்தியமைக்கப்பட்ட திருமணச் சடங்குமுறை இதனைத் தெளிவாக்கியது. ‘நான் இணைக்கிறேன்’ என்னும் கருத்துடைய பழைய கூற்று அதில் இல்லை. குரு சம்மதத்தைக் கேட்டு, அதனைத் திருச்சபையின் பெயரால் ஏற்றுக்கொள்கிறார்.

ஆகவே விலக்குப் போலத் தோன்றியதும் விதிக்குள் வந்துவிடுகிறது. இணைப்பவர் இறைவன், இணைபவர் மணமக்கள். அவர்களுடைய மனச்சம்மதம் இல்லாத இடத்தில் பெற்றோரோ, உற்றாரோ, குருவோ எவரையும் ‘ஜொயின்’ செய்துவிட முடியாது. சீதனப் பேச்சு முடிந்துவிட்டது, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று என்பதற்காகப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் ‘ஆம்’ உண்மையான ஆம் ஆகிவிடாது.

நுகத்துக்குப் பொருத்தமும் வேண்டும். எருதையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டி உழலாகாது என்று இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. உயரமும் நடையும் ஒவ்வாத இரண்டை ஒரே தடியில் பூட்டினால், ஒன்றின் கழுத்துப் புண்ணாகும். மற்றதன் கால் தளரும். வயலும் ஒழுங்காக உழப்படாது. இது மாட்டுக்கு இரங்கி எழுந்த விதியாயினும், மனிதரும் சற்று நின்று வாசிக்கத் தக்கதே.

பயிற்சி

பின்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஆக்குக. விடையைப் பார்க்குமுன் எழுதிப் பாருங்கள்.

1. அவள் 1998இல் வங்கியில் சேர்ந்தாள்.
2. இந்தக் குழாயை அந்தக் குழாயோடு பொருத்து.
3. எல்லாரும் பாடினர், அவனும் சேர்ந்துகொண்டான்.
4. தாய் மகளைப் பாடசாலையில் சேர்த்தார்.
5. அவர்கள் வங்கியில் கூட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்தனர்.

விடைகள்: முதலாவதற்கு ‘ஷீ ஜொயின்ட் த பாங்க் இன் 1998’, ஆண்டுக்கு முன் மட்டுமே ‘இன்’ வரும், வங்கிக்கு முன் வராது. இரண்டாவதற்கு ‘ஜொயின் திஸ் பைப் டு தற் பைப்’. மூன்றாவதின் பிற்பகுதிக்கு ‘ஹீ ஜொயின்ட் இன்’ என்று முடித்தாற் போதும். நான்காவதில் ‘ஜொயின்’ வரவே கூடாது. ‘என்றோல்ட்’ என எழுதுக. ஐந்தாவதில் ‘ஜொயின்ற் எக்கவுன்ற்’ வரும்; ஈற்றொலியை வன்மையாகச் சொல்லுக.

ஐந்தாவது வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கூட்டுக் கணக்கில் இருவர் பெயரும் இருக்கும். இருவரும் கைச்சாத்திட்டாலே பணம் எடுக்கலாம் என்றும் ஒழுங்கு செய்துகொள்ளலாம்; ஒருவர் கைச்சாத்துப் போதும் என்றும் செய்துகொள்ளலாம். பெயர் இரண்டும் இருந்தும், வங்கிப் புத்தகம் எப்போதும் ஒருவரின் அலுமாரிக்குள்ளேயே பூட்டிக் கிடந்தால், அக்கணக்கு ‘ஜொயின்ற்’ என்ற சொல்லுக்குத் தகுதியானதா?

ஒரு சங்கத்திலே, ஒரு தொழிலிலே, ஒரு குடும்பத்திலே சேரப் போகிறவர் இரண்டு வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். நான் சேர்கிறேனா, சேர்க்கப்படுகிறேனா? சேர்ந்தபின் நான் நிற்கப்போவது நுகத்தின் அருகிலா, அடியிலா? ஏற்கெனவே சேர்ந்திருப்பவர், தம் பக்கத்தில் நிற்பவரின் கழுத்தையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும்.